வைஜயந்திமாலாவும் நமது வாடகை அறைகளும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திரான்சியில் ஓர் அறையும் குசினியும் கொண்ட வீட்டில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். மூவர் இரவு வேலை, மூவர் பகல் வேலை. ஆகவே படுக்கைக்குப் பஞ்சமில்லை. சேர்ந்து காசு போட்டு வாங்கிய ஒரு தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் ஆர்.ஈ.ஆர். 'பே' புகையிரதத்தில் கார் து நோர் போய், அங்கிருந்து லாச்சப்பலுக்கு நடந்து, மீனும் கருவேப்பிலையும் வாங்கிக்கொண்டு நான்கைந்து படக் கசற்றுகளையும் எடுத்து வருவார். ஒருமுறை 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' கேட்டுப் போனவரிடம் கடைக்காரர், "அது வெளியில போட்டுது அண்ணை. இதுவும் வைஜயந்திமாலாதான், கொண்டுபோங்கோ" என்று வேறொன்றைக் கொடுத்துவிட்டார். வீட்டில் போட்டுப் பார்த்தால் அது ஹிந்திப் படம். 'நியூ டெல்லி', 1956ஆம் ஆண்டுப் படம்.

எங்களில் ஒருவருக்குத்தான் ஹிந்தி கொஞ்சம் தெரியும். ஏஜென்சிக்காரன் அனுப்புவான் அனுப்புவான் என்று பம்பாயில் எட்டு மாதம் காத்திருந்தபோது தேநீர்க் கடைகளில் பொறுக்கிய ஹிந்தி அது. அவர் நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னார். ஜலந்தரிலிருந்து வேலைக்காக டெல்லி வரும் பஞ்சாபி இளைஞன் (கிஷோர்குமார்) வாடகைக்கு வீடு தேடுகிறான். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் ஊராளுக்கு மட்டுமே அறை கொடுப்பேன் என்கிறார். அலைந்து களைத்த அவன் தமிழனாக வேடம் போட்டுப் பெயரையும் மாற்றிக்கொண்டு அறை எடுக்கிறான். பிறகு ஜானகி என்ற தமிழ்ப் பெண்ணைக் காதலிக்கிறான். அந்த ஜானகிதான் வைஜயந்திமாலா.

அன்று அந்த அறையில் எழுந்த சிரிப்பு இன்றும் காதில் கேட்கிறது. ஏனெனில் அந்த அறையை நாங்கள் எடுத்த விதமும் அப்படித்தான். ஒருவருடைய விசா, இன்னொருவருடைய சம்பளத் துண்டு, வாயிற்கதவில் மூன்றாமவருடைய பெயர். இதற்கு முன், தொலைபேசியில் நல்ல பிரெஞ்சு கதைத்த நண்பர் ஒருவர் அறை பார்க்க நேரே போனபோது, முகத்தைக் கண்டதும் 'கொடுபட்டுவிட்டது' என்று கதவைச் சாத்திய வீட்டுக்காரரும் உண்டு. பஞ்சாபி ஒருவன் தமிழனாக வேடம் போட்டால் வீடு கிடைக்கும் ஓர் ஊர் உலகத்தில் இருந்திருக்கிறது என்பதே எங்களுக்குப் பெரிய பகிடியாக இருந்தது.

வைஜயந்திமாலாவை ஹிந்திப் படவுலகின் பெருநடிகை என்று எழுதுபவர்கள் உண்டு. தமிழ் நடிகை வடக்கே போய் வென்றார் என்று எழுதும் தமிழர்களும் உண்டு. நமக்கு அவருடைய வாழ்க்கையில் கவனிக்கத் தோன்றுவது வேறொன்று. தன்னுடையதல்லாத ஒரு மொழியில், தன் சொந்தக் குரலில், பதினெட்டு இருபது ஆண்டுகள் ஒருவர் எப்படிக் குடியிருந்தார் என்பதே அது.

அவர் பிறந்தது சென்னை திருவல்லிக்கேணியில், ஓர் ஐயங்கார் குடும்பத்தில். பிறந்த நாள் 1933 ஆகஸ்ட் 13 என்பது பொதுவாக ஏற்கப்படுவது. 1936 என்று எழுதுவோரும் இருக்கின்றனர். தாய் வசுந்தராதேவி, 1943இல் ஜெமினி ஸ்டூடியோ தயாரித்த 'மங்கம்மா சபத'த்தின் கதாநாயகி. நமது தாய் தந்தையர் தலைமுறைக்கு வசுந்தராதேவிதான் நட்சத்திரம், மகள் பிறகு வந்தவர். ஆனால் மகளை வளர்த்து ஆளாக்கியவர் பாட்டி யதுகிரிதேவி. மேடைக்கும் படப்பிடிப்புக்கும் கூடவே போனவரும், எந்த நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்வது என்று தீர்மானித்தவரும் அவரே. குழந்தையாய் இருந்தபோதே குடும்பத்துடன் ஐரோப்பா போய், வத்திக்கானில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் முன்னிலையில் ஆடினார் என்பது அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் தவறாமல் வரும் செய்தி. நாம் பொய்க் கடவுச்சீட்டுடன் வந்து இறங்கிய கண்டத்துக்கு அவர் காலில் சலங்கையுடன் வந்திருக்கிறார்.

பரதம் கற்றது வழுவூர் இராமையாபிள்ளையிடம். சங்கீதம் மணக்கால் சிவராஜ ஐயரிடம். இந்த இரண்டு பெயர்களையும் வெறும் பட்டியலாகக் கடந்து போகக்கூடாது. தேவதாசிமுறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. சதிர் என்ற பெயரில் ஒரு சமூகத்துப் பெண்களின் கலையாயிருந்தது பரதநாட்டியம் என்ற பெயரில் மேற்சாதி வீட்டுப் பெண்களின் கலையாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. நட்டுவனார்கள் அதே நட்டுவனார்கள், ஆடும் கால்கள்தான் மாறின. வைஜயந்திமாலாவின் தொடக்கம் அந்த மாற்றத்தின் நடுவில். அவருடைய திரைவாழ்வின் பெயர்பெற்ற பாத்திரங்கள் சில - 'தேவதா'ஸின் சந்திரமுகி, 'சாத்னா'வின் விலைமாது, 'ஆம்ரபாலி'யின் நகரவதூ - ஆடும் பெண்ணைச் சமூகம் என்ன செய்தது என்பதைப் பற்றியே அமைந்தது தற்செயலாக இருக்கலாம். அப்படி நமக்குத் தோன்றவில்லை. நன்றாக ஆடத் தெரிந்தவள் என்பதற்காகவே அவரிடம் அப்பாத்திரங்கள் வந்தன. ஆடுகிறவள் என்றால் கதையில் அவள் விலைமகளாகத்தான் இருக்கவேண்டும் என்பது அன்றைய ஹிந்தி சினிமாவின் கணக்கு.

காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்துக்கு வந்திருந்த ஏ.வி.எம். நிறுவனம், எம்.வி. ராமனின் யோசனைப்படி, 1949இல் 'வாழ்க்கை' படத்தில் அவரை அறிமுகம் செய்தது. படம் பெருவெற்றி. மறு ஆண்டு தெலுங்கில் 'ஜீவிதம்', 1951இல் ஹிந்தியில் 'பஹார்'. ஹிந்திப் படத்துக்கு வேறொருவர் குரல் கொடுத்துவிட்டுப் போகலாம். அது அன்றைக்கும் வழக்கம், பின்னரும் வழக்கம். ஆனால் அவர் சென்னை ஹிந்திப் பிரசார சபையில் ஹிந்தி படித்துத் தன் வசனத்தைத் தானே பேசினார்.

இதில் ஓர் உறுத்தல் உண்டு. அதே சென்னையில், அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், ராஜாஜி அரசு பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியபோது ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். சிறைவைக்கப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிரிழந்தனர். 1940இல் அரசு அந்த ஆணையைத் திரும்பப்பெற்றது. 1965இல் மீண்டும் தமிழ்நாடு எரிந்தது. அந்த இரண்டு தீக்கும் இடையில் ஒரு தமிழ்ப் பெண் ஹிந்தி கற்று, ஹிந்திக்காரர்களின் கனவுக்கன்னியானார். இதைத் துரோகமென்று சொல்பவரை நாம் கண்டிருக்கிறோம், இதுவே ஹிந்தி எதிர்ப்பின் அர்த்தமின்மைக்குச் சான்று என்பவரையும் கண்டிருக்கிறோம். இருவரும் ஒரே பிழையைத்தான் விடுகின்றனர். தானாகப் போய்க் கற்கும் மொழியும், தலையில் வைக்கப்படும் மொழியும் ஒன்றல்ல. முப்பது வயதில் 'ழெ சுயி, து எ' என்று பிரெஞ்சு வினைச்சொல் பாடமாக்கிய நமக்கு இது விளக்கவேண்டிய விடயமல்ல. சிங்களத்தை வேலைக்காகப் படி என்று சட்டத்தால் சொல்லப்பட்ட நமது தகப்பன்மாருக்கும் இது தெரிந்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் நாம் அவரை முதலில் அறிந்தது காதால். 1952இல் இந்தியத் தகவல் அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டுகள் தரம் தாழ்ந்தவை என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றை ஒதுக்கிவைத்தார். அந்த இடைவெளியில் புகுந்தது இலங்கை வானொலி. யுத்தகாலத்தில் நேசநாடுகளின் படைகளுக்காக அமைத்த சக்திவாய்ந்த ஒலிபரப்பி கொழும்பில் இருந்தது. அமீன் சயானி பம்பாயில் பதிவுசெய்த 'பினாகா கீத்மாலா' நிகழ்ச்சி கொழும்புக்கு வந்து, புதன்கிழமை இரவுகளில் இந்தியா முழுவதற்கும் போனது. டெல்லி வேண்டாமென்ற ஹிந்திப் பாட்டுக்குக் கொழும்பு வீடு கொடுத்த விசித்திரம் இது. நமது ஒழுங்கைகளில் றேடியோ வைத்திருந்த வீடுகளில் அதுவும் ஒலித்தது. 1954இல் வந்த 'நாகின்' படத்தின் மகுடி இசையை, படம் பார்க்காதவர்களும் வாயால் ஊதித் திரிந்தனர். அது மகுடியே அல்ல என்பது பின்னர்தான் தெரியவந்தது. ஹேமந்த்குமாரின் இசையமைப்பில், பிற்காலத்தில் கல்யாண்ஜி என்று அறியப்பட்டவர் கிளவியோலின் என்ற மின்வாத்தியத்தில் எழுப்பிய ஒலி அது. பாட்டில் கேட்டது லதா மங்கேஷ்கரின் குரல். ஆனால் அந்தக் குரலுக்கு நமது மனதில் இருந்த முகம் வைஜயந்திமாலாவுடையது.

'நாகின்' அவரை நட்சத்திரமாக்கியது. நடிகையாக்கியது பிமல் ராயின் 'தேவதாஸ்' (1955). சந்திரமுகி வேடத்துக்கு முதலில் அவரை யாரும் நினைக்கவில்லை. நர்கிஸ், சுரையா, பீனா ராய் ஆகியோர் நடித்தால் பார்வதியாகத்தான் நடிப்போம் என்று மறுத்த பின்னரே அது அவரிடம் வந்தது. ஆட்டக்காரி, மதராஸி, நடிக்கத் தெரியுமோ என்று பம்பாயில் சந்தேகப்பட்டார்கள். படம் வந்தபின் பிலிம்பேர் இதழ் அவருக்குச் சிறந்த துணைநடிகைக்கான பரிசை அறிவித்தது. அவர் அதை வாங்க மறுத்தார். சந்திரமுகி பார்வதிக்குத் துணையல்ல, இரண்டும் சமமான பாத்திரங்கள் என்பது அவர் சொன்ன காரணம். பிலிம்பேர் பரிசொன்றை மறுத்த முதலாவது ஆள் அவர்தான். இருபத்துச் சொச்ச வயது, வேற்றூர், வேற்றுமொழி, அதிலும் பெரிய இடத்துப் பரிசு. நாம் வேலைசெய்த உணவகங்களில் முதலாளி தந்த பழைய கோட்டைக்கூட வேண்டாமென்று சொல்ல நமக்கு வாய் வந்ததில்லை.

மறுபடி 'நியூ டெல்லி'க்கு வருவோம். மோகன் சேகல் இயக்கிய அந்தப் படத்தைத் திரைப்பட வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நகைச்சுவைப் படம்தான். ஆனால் 1956 என்ற ஆண்டை நினைத்துக்கொண்டு பாருங்கள். இந்தியாவில் மொழிவழி மாநிலங்கள் அவ்வாண்டு நவம்பர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தன. மொழியால் பிரிந்தால் நாடு சிதறுமோ என்ற பயம் எங்கும். அந்தப் பயத்தைத்தான் படம் பகிடியாக்கியது. பஞ்சாபித் தந்தைக்குத் தமிழ் மருமகள் வேண்டாம், தமிழ்த் தந்தைக்குப் பஞ்சாபி மருமகன் வேண்டாம். இளைஞனின் தங்கையோ ஒரு வங்காளியை விரும்புகிறாள். ஜானகி பரதமும் ஆடுவாள், பஞ்சாபிக் கிராமிய ஆட்டமும் ஆடுவாள். கடைசியில் எல்லோரும் இந்தியர் என்று கதை சுபமாக முடியும்.

அதே 1956 ஜூன் 5ஆம் திகதி கொழும்பில் தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தது. காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் அடிவாங்கினர். அங்கே தமிழனாக வேடம் போட்டால் வாடகைக்கு அறை என்று ஒரு படம். இங்கே இரண்டாண்டில், 1958 கலவரத்தில், தமிழர் என்று தெரியாமலிருக்கப் பொட்டை அழித்த நமது பெண்கள். 'எல்லோரும் ஒன்று' என்று முடியும் படங்களில் நமக்கு நம்பிக்கை போய்விட்டது உண்மை. இருந்தும் அந்தப் படத்தில் ஒன்று நம்பும்படியாக இருக்கிறது. தமிழ்ப் பெண்ணைத் தமிழ்ப் பெண்தான் நடிக்கிறார். ஹிந்திப் படங்களில் 'மதராஸி' என்றால் பட்டை நாமமும் 'ஐயையோ'வுமாக ஒரு கோமாளி வருவது பின்னர் பழகிப்போன விடயம். கிஷோர்குமாரின் வேடத்தில் அந்தக் கோமாளித்தனத்தின் விதை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஜானகி கோமாளியல்ல. படித்த, ஆடத்தெரிந்த, தன் மனதைச் சொல்லத் தெரிந்த ஒரு பெண்.

அடுத்து வந்த ஐந்தாறு ஆண்டுகள் அவருடைய உச்சம். 'நயா தௌர்' (1957) படத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் மதுபாலா. போபால் பக்கத்து வெளிப்புறப் படப்பிடிப்புக்கு மகளை அனுப்ப அவருடைய தகப்பனார் மறுக்க, பி.ஆர். சோப்ரா நீதிமன்றம் போக, இடையில் வைஜயந்திமாலா அந்த வேடத்தை ஏற்றார். குதிரைவண்டிக்கும் பஸ்வண்டிக்கும் நடக்கும் பந்தயம் அதன் கதை. 1958இல் பிமல் ராயின் 'மதுமதி'க்கும் சோப்ராவின் 'சாத்னா'வுக்கும் ஒரே முறையில் சிறந்த நடிகைப் பரிந்துரை கிடைத்தது. பரிசு 'சாத்னா'வுக்கு. 'மதுமதி'யின் கதை ரித்விக் கட்டக்குடையது, இசை சலில் சௌத்ரி. மறுபிறப்புக் கதைகள் பிறகு எத்தனையோ வந்துவிட்டன, மூலம் இதுதான்.

அதே 1958இல்தான் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்'. எஸ்.எஸ். வாசன் ஹிந்தியில் 'ராஜ் திலக்' என்றும் எடுத்தார். பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடும் போட்டி நடனத்தைப் பற்றி நமது வாசகர்களுக்கு நாம் எதுவும் சொல்லத் தேவையில்லை. யார் வென்றது என்ற தர்க்கம் நமது ஊர்ச் சந்திகளில் தொடங்கி லாச்சப்பல் தேநீர்க் கடைகள்வரை வந்திருக்கிறது. திரான்சி அறையில் இதற்காக இரண்டு பேர் ஒரு கிழமை கதைக்காமல் இருந்தனர். படத்திலேயே தீர்ப்பு இல்லை. நமது எண்ணம் பத்மினியின் பக்கம். முகபாவத்தில் அவர் ஒருபடி மேல். கால்வேகத்தில் மற்றவர். பத்மினி பின்னர் அமெரிக்கா போய் நியூஜேர்சியில் நடனப் பள்ளி நடத்தி, 2006இல் சென்னையில் காலமானார். புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் பரதம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையாக அந்த ராணி ஆனதை நாம் வேறொரு கட்டுரையில் எழுதவேண்டும்.

தமிழில் அவர் படங்கள் குறைவு. 'இரும்புத்திரை'யில் (1960) தாய் வசுந்தராதேவியே அவருக்குத் தாயாக நடித்தார். ஸ்ரீதரின் 'தேன்நிலவு' (1961) காஷ்மீரில் எடுக்கப்பட்டது. 1963இல் 'சித்தூர் ராணி பத்மினி'யுடன் தமிழ்ப் படங்கள் முடிந்தன. தாய்மொழியில் அவர் பொழுதுபோக்குப் படங்களின் அழகி. கற்ற மொழியில்தான் நடிகை. இது ஏன் இப்படி என்று நாம் பலமுறை யோசித்ததுண்டு. பிறந்த வீட்டில் ஒருவருக்குக் கிடைக்காத மதிப்பு வந்த வீட்டில் கிடைப்பதுண்டு என்பதோடு, பிமல் ராயைப் போன்ற ஒருவர் அக்காலக் கோடம்பாக்கத்தில் அவருக்கு வாய்க்கவில்லை என்பதுதான் நேரான பதில்.

நம்மைக் கேட்டால் அவருடைய மிகச் சிறந்த வேலை 'கங்கா ஜம்னா' (1961). திலீப்குமார் தயாரித்து நிதின் போஸ் இயக்கிய படம். அதில் அவர் தன்னோ என்ற கிராமத்துப் பெண். பேசுவது சபையில் படித்த ஹிந்தியல்ல. அவதியும் போஜ்புரியும் கலந்த கிழக்குப் பக்கத்துப் பேச்சு. பம்பாயின் பஞ்சாபி நடிகைகளுக்கே அது அந்நியம். திலீப்குமார் வரிவரியாகச் சொல்லிக்கொடுக்க, திருவல்லிக்கேணிப் பெண் அந்த நாட்டுப்புறப் பேச்சைப் பிடித்தார். ஒரு நாட்டின் பத்திரிகை மொழியைக் கற்பது ஒன்று. அதன் வயற்காட்டு மொழியைக் கற்பது இன்னொன்று. இங்கே முப்பது வருடம் இருந்தும், திரான்சி சந்தையில் காய்கறி விற்கும் கிழவர் இன்னொரு கிழவருக்குச் சொல்லும் பகிடி நமக்கு விளங்குவதில்லை. ஆகையால் பம்பாயில் காத்திருந்த நமது நண்பர், "இது எனக்கும் விளங்கேல்லை, ஆனா உவ பொய்யாக் கதைக்கேல்லை எண்டு மட்டும் தெரியுது" என்று சொன்னதைவிடப் பெரிய விமர்சனத்தை நாம் படித்ததில்லை. அவ்வருடப் பிலிம்பேர் பரிசும் அவருக்கே.

பாரிஸ்காரராகிய நாம் 'சங்கம்' (1964) படத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. ராஜ் கபூரின் முதல் வர்ணப் படம். ஏறக்குறைய நான்கு மணித்தியாலம், இரண்டு இடைவேளை. வெனிஸ், சுவிற்சர்லாந்து, பாரிஸ் என்று தேனிலவுக் காட்சிகளை ஐரோப்பாவில் எடுத்தார்கள். வெளிநாட்டில் பாட்டு எடுக்கும் வழக்கத்துக்கு அதுவே பெரிய தொடக்கம். அதைப் பார்த்துவிட்டுத்தான் பாரிஸ் என்றால் ஈபிள் கோபுரமும் காதலர்களும் என்று நாம் நம்பியிருந்தோம். வந்த முதற் கிழமை கண்டது பொலிஸ் தலைமையகத்து வரிசை.

அந்தப் படத்தின் பாரிஸ் ஹோட்டல் அறைக் காட்சியைக் கவனிக்கவேண்டும். புதுக் கணவன் இரவுக் களியாட்டம் பார்க்கத் தனியே புறப்படுகிறான். மனைவி ராதா, நீ பார்க்கப்போகும் ஆட்டக்காரி இப்படித்தானே ஆடுவாள் என்று, அவனைக் கிழவனென்று கேலிசெய்து ஆடிக்காட்டுகிறாள். பலருக்கு அது கவர்ச்சிப் பாட்டு. நமக்கு அது அந்த நீண்ட படத்தில் ராதா தன் மனதைத் திறக்கும் சில இடங்களில் ஒன்று. கதையில் அவள் கோபாலை விரும்புகிறாள். கோபாலோ நட்புக்காக அவளைச் சுந்தருக்கு விட்டுக்கொடுக்கிறான். நீ யாரை விரும்புகிறாய் என்று அவளை எவனும் கேட்கவில்லை. கடைசியில் ஒருவன் தன்னைச் சுட்டுக்கொண்டு தியாகியாகிறான். இரண்டு ஆண்கள் கூடித் தீர்மானித்துவிட்டு, பிறகு பெண்ணை ஏஜென்சி மூலம் பாரிசுக்கு வரவழைத்துக் கட்டிவைத்த கதைகளை நாம் அறிவோம். அந்தப் பெண்களில் ஒருத்தி எங்களிடம், "அந்தப் படத்தில ராதாவுக்கெண்டாலும் ஒரு பாட்டுக் குடுத்தாங்கள்" என்று சொன்னார். மூன்றாவது முறையாகச் சிறந்த நடிகைப் பரிசை அவர் வாங்கியது இந்த ராதாவுக்காக. இப்படத்தை ஒட்டி எழுந்த வதந்திகளை அவர் 2007இல் வெளியான தன் சுயசரிதையில் மறுத்தார். ராஜ் கபூரின் மகன் 2017இல் தன் நூலில் வேறுவிதமாக எழுதினார். நமக்கு அதில் நீதிபதி வேலை இல்லை.

'ஆம்ரபாலி' (1966) அவர் மனம்வைத்து ஆடிய படம். வைசாலி நகரத்து ஆடலரசி புத்தரின் வழியில் துறவியாகும் கதை. அஜந்தா ஓவியங்களைப் பார்த்து பானு அத்தையா உடைகளை அமைத்தார். ஒஸ்கார் போட்டிக்கும் இந்தியாவிலிருந்து அனுப்பினார்கள். மக்கள் பார்க்கவில்லை. 'ஜுவல் தீஃப்' (1967) நன்றாக ஓடியது. 1968இல் டொக்டர் சமன்லால் பாலியை மணந்தார். கையிலிருந்த படங்களை முடித்துக்கொடுத்து, 1970இன் 'கன்வா'ருடன் நிறுத்தினார். பிறகு அழைப்புகள் வந்தும் திரும்பவில்லை. சென்னைக்கு மீண்டு, தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பாபிள்ளையிடம் பழைய உருப்படிகளைக் கற்று, மேடையில் ஆடினார். 1982இல் சங்கீத நாடக அக்கடமி விருது நடனத்துக்காகக் கிடைத்தது.

இனிச் சொல்லப்போவதை விட்டுவிட்டு எழுதினால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். 1984 டிசம்பர் தேர்தலில் அவர் காங்கிரஸ் சார்பில் தென்சென்னையில் நின்று, இரா. செழியனைத் தோற்கடித்துப் பாராளுமன்றம் போனார். 1989இலும் வென்றார். அந்த இரண்டு தேர்தல்களுக்கும் இடையில், 1987 ஜூலையில், அவருடைய கட்சியின் அரசு நமது மண்ணுக்குப் படையை அனுப்பியது. 1990 மார்ச்சில்தான் அது திரும்பிப்போனது. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்பதை இந்தப் பக்கங்களில் பலர் எழுதிவிட்டனர்.

திரான்சி அறையில் எங்களுடன் இருந்தவர்களில் ஒருவர் அந்தக் காலத்தில் தமையனைப் பறிகொடுத்தவர். 'நியூ டெல்லி' கசற் வந்த அன்று அவர் இரவு வேலை. மறுவாரம் பகலில் நாங்கள் திரும்பப் போட்டபோது வீட்டில் இருந்தார். ஜானகி ஆடத் தொடங்கியதும் எழுந்துபோய் டெக்கை நிறுத்தினார். "உவ அவையின்ர எம்.பியாயெல்லே இருந்தவ" என்றார். ஒருவரும் பேசவில்லை. 1956இல் ஆடிய பெண்ணுக்கும் 1987இல் நடந்ததற்கும் என்ன தொடர்பு என்று அவரிடம் தர்க்கிக்கலாம். ஒரு தனி உறுப்பினரால் படையைத் தடுத்திருக்க முடியுமா என்றும் கேட்கலாம். எல்லாம் சரியான கேள்விகள். அன்று குசினியில் கறி அடிப்பிடித்தது. அதை இறக்கவும் ஒருவரும் எழவில்லை.

அவர் பின்னர் மேலவையின் நியமன உறுப்பினராக 1993முதல் 1999வரை இருந்தார். 1999இல் காங்கிரசை விட்டு பாரதிய ஜனதாவில் சேர்ந்தார். அரசியலில் அவர் எதையும் பெரிதாகச் செய்தார் என்று நமக்குத் தோன்றவில்லை. 2024இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு, தொண்ணூறு வயதில், அயோத்தியில் அவர் பரதம் ஆடிய ஒளிப்படம் கைத்தொலைபேசிகளில் சுற்றியது. ஆடிய இடத்தைப் பற்றி நம்மில் பலருக்கு வேறு அபிப்பிராயம் இருக்கும்; நமக்கும் இருக்கிறது. ஆனால் அரைமண்டியில் அந்தக் கால்கள் நின்ற உறுதி வழுவூராரிடம் படித்தது.

அந்தப் படத்துண்டை எங்களுக்கு அனுப்பியவர், அன்று டெக்கை நிறுத்திய அதே நண்பர். கீழே ஒன்றும் எழுதவில்லை. அந்தக் காலத்து வீடியோக் கடைகள் லாச்சப்பலில் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, நகைக்கடையும் கைத்தொலைபேசிக் கடையுமாகிவிட்டன. 'நியூ டெல்லி' கசற்றை நாங்கள் திருப்பிக் கொடுக்கவேயில்லை. அது இன்னும் எங்களில் ஒருவருடைய நிலவறைப் பெட்டியில் கிடக்கிறது. போட்டுப் பார்க்க டெக் இல்லை.